காரத்துக்கு ஒன்று, புளிப்புக்கு ஒன்று: கறவை மெஷின் கழுவ எந்தப் பவுடர்?

போன மாசியில் ஒரு நாள் விடியக்காலையில், வெள்ளகோவில் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் சித்தி மகன் போன் செய்தான். பதினோரு கறவை மாடு வைத்திருக்கிறான். தை மாதம்தான் கறவை மெஷின் வாங்கினான். மெஷின் வந்ததிலிருந்து பால் சீக்கிரம் கெடுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

"அக்கா, ஈடிடிஏ பவுடரு ஒண்ணு, சிட்ரிக் ஆசிட் ஒண்ணு, ரெண்டும் வாங்கியாந்தேன். ரெண்டுமே கிருமிக்கு நல்லதுன்னாங்க. சரி, சேர்த்தே போட்டுரலாம்னு ராத்திரி ஒரே பக்கெட்டுல கரைச்சு வெச்சேன். இப்பப் பாத்தா அடியில மாவாட்டம் வெள்ளையாப் படிஞ்சு கெடக்குது. பவுடரு கலப்படமாக்கா?"

கலப்படம் இல்லை. இரண்டு பவுடரும் அசல்தான். ஈடிடிஏ என்பது தண்ணீரிலுள்ள கால்சியம் போன்ற உலோகங்களைக் கவ்விப் பிடிக்கும் பொருள். புளிப்பு ஏறியதும் அது கரைந்து நிற்க முடியாமல் அடியில் இறங்கிவிட்டது. சுத்தமான ஈடிடிஏ அமிலம் ஒரு லிட்டர் தண்ணீரில் அரை கிராம் அளவுக்குத்தான் கரையும். அவன் வாங்கியது அதன் சோடியம் உப்பு. அது நன்றாகக் கரையும், ஆனால் சிட்ரிக் ஆசிடைக் கொட்டி பிஎச் (7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 3-க்குக் கீழே போனால் உப்பு மறுபடி அமிலமாகி மாவாகப் படியும்.

நான் திருப்பூரில் ஒரு சாயப் பட்டறையின் லேபில் ஆறு வருடம் இருந்தவள். இப்போது காங்கேயம் பக்கம் எட்டு மாடு வைத்திருக்கிறேன். அங்கே துணிக்குப் போட்ட அதே சரக்கைத்தான் இங்கே பால் கேனுக்குப் போட்டுவந்தேன். அதனால் அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் பக்கம் மெஷின் வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். தண்ணீரோ எல்லோருக்கும் ஒரே உப்புத் தண்ணீர், அதாவது கால்சியமும் மெக்னீசியமும் நிறைந்த கடின நீர்.

உரக்கடையில் 'செலேட்டட் ஜிங்க்' என்று பாக்கெட் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொல் நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பள்ளிப் பாடநூலில் கொடுக்கிணைப்பு என்று அழகாகவே தமிழில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு உலோக அணுவை நாலா பக்கமும் கவ்விப் பிடித்துக்கொள்ளும் பொருள் கொடுக்கிணைப்பி. சாயப் பட்டறையில் இதையே சீக்வெஸ்டரிங் ஏஜென்ட் என்போம். ஈடிடிஏ பிறந்ததே துணி வேலைக்காகத்தான். 1930-களில் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் மியூன்ட்ஸ் என்ற வேதியியலாளர் அதை உருவாக்கினார். உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியத்தைப் பிடிக்க அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சிட்ரிக் அமிலத்துக்கு மாற்றுத் தேடியபோது கிடைத்தது அது. ஆக, என் தம்பி ஒரே பக்கெட்டில் போட்ட இரண்டும் தொண்ணூறு வருடமாக ஒன்றுக்கொன்று போட்டி.

உலோகத்தைப் பிடிப்பதற்கும் கிருமி சாவதற்கும் என்ன சம்பந்தம்? ஈ.கோலை, சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. அந்தச் சவ்வின் வெளிப்பக்கத்தில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறுகள் நெருக்கமாக நிற்கின்றன. அவை ஒவ்வொன்றிலும் எதிர்மின்சுமை கொண்ட பாஸ்பேட் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளப் பார்க்கும். அவற்றை இழுத்துக் கட்டி வைத்திருப்பது நடுவே இருக்கும் மெக்னீசியமும் கால்சியமும்தான். செங்கலுக்கு நடுவே சுண்ணாம்புக் காரை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கிணைப்பி வந்து அந்தக் காரையைப் பறித்தால் சுவர் இளகிவிடும். 1965-இல் லொரெட்டா லீவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஈ.கோலையில் இதைக் காட்டினார். ஈடிடிஏ பட்ட பாக்டீரியாவுக்குள், அதுவரை நுழைய முடியாத மருந்துகள் நுழைந்தன. லேப்களில் இந்தச் சோதனையை வழக்கமாக பிஎச் 8 அளவில், அதாவது லேசான காரத்தில்தான் செய்வார்கள். அது தற்செயல் இல்லை.

ஈடிடிஏ மூலக்கூறு கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் இறுக்கிப் பிடிக்க வேண்டுமானால் அதன் கைகள், அதாவது உலோகத்தைக் கவ்வும் இடங்கள், எல்லாம் காலியாக இருக்க வேண்டும். புளிப்பான தண்ணீரில் ஹைட்ரஜன் அயனிகள் நிறைய. அவை போய் அந்தக் கைகளில் உட்கார்ந்துகொள்கின்றன. கணக்குப் போட்டால் பிஎச் 10-இல் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈடிடிஏ முழுக் கையும் காலியாக நிற்கிறது. பிஎச் 8-இல் அது சுமார் இருநூறில் ஒன்று. பிஎச் 6-இல் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒன்று. பிஎச் 4-க்கு வந்தால் சுமார் முப்பது கோடியில் ஒன்று. மெக்னீசியத்தை ஈடிடிஏ பிடிக்கும் பலம் கால்சியத்தைப் பிடிப்பதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான், அதனால் புளிப்பு ஏறும்போது முதலில் நழுவுவது மெக்னீசியம். தண்ணீர்ப் பரிசோதனை லேபில் கடினத்தன்மை பார்க்கும்போது பிஎச்சை நிலையாக வைக்கும் அமோனியா பஃபர் ஊற்றி பிஎச் 10-க்குக் கொண்டுபோய்விட்டுத்தான் ஈடிடிஏ சொட்டுவோம். அதில் போட்ட நிறங்காட்டியின் ஒயின் சிவப்பு நீலமாகும். பஃபரை மறந்துவிட்டால் நிறம் ஒழுங்காகவே மாறாது. புதிதாக லேபுக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் முதல் வாரத்தில் இந்தத் தப்பைச் செய்வார்கள், நானும் செய்தேன்.

சரி, அப்படியானால் புளிப்பில் ஈடிடிஏ சுத்தமாகச் செத்த பொருளா? அதுவும் கிடையாது. எந்த உலோகம் என்பதைப் பார்க்க வேண்டும். மூன்று மின்சுமை கொண்ட இரும்பை ஈடிடிஏ பிடிக்கும் பிடி, கால்சியத்தைப் பிடிப்பதைவிடக் கோடானுகோடி மடங்கு இறுக்கம். பிஎச் 4-இல்கூட இரும்பை, செம்பை, துத்தநாகத்தை அது விடாது. மயோனைஸ் பாட்டிலின் பின்னால் 385 என்ற எண் போட்டிருந்தால் அது இந்த ஈடிடிஏவின் கால்சியம் சோடியம் உப்புதான். மயோனைஸ் புளிப்பானது. ஆனால் அங்கே அதற்குக் கொடுத்த வேலை இரும்பையும் செம்பையும் பிடித்து எண்ணெய் காறிப்போகாமல் காப்பது, அதனால் சரியாகவே நடக்கிறது. கிருமிக்கு இரும்பு கிடைக்காவிட்டால் அது பெருகாமல் நிற்கும், உடனே சாகாது. சேமித்து வைக்கும் பொருளுக்கு அது போதும். பத்து நிமிடத்தில் கழுவி முடிக்கிற பால் லைனுக்கு, அதாவது மெஷினிலிருந்து பால் ஓடும் குழாய்க்கு, அதனால் பயனில்லை. அங்கே சுவரிலிருந்து மெக்னீசியத்தைப் பறித்தாக வேண்டும், அதற்குக் காரம் வேண்டும்.

இப்போது கடைக்குப் போவோம். ஈடிடிஏ என்று கேட்டால் இரண்டு விதம் கிடைக்கும். டைசோடியம் என்று எழுதியது தண்ணீரில் கரைத்தால் பிஎச் 4-க்கும் 6-க்கும் நடுவில் நிற்கும். டெட்ராசோடியம் என்று எழுதியதை ஒரு சதவீதம் கரைத்தாலே பிஎச் 11 பக்கம் போகும். பார்வைக்கு இரண்டும் வெள்ளைப் பவுடர்தான். விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், கடைக்காரர் எது இருக்கிறதோ அதைக் கொடுப்பார். கழுவும் வேலைக்குக் கேட்டு வாங்க வேண்டியது டெட்ராசோடியம். டைசோடியம்தான் கையில் இருக்கிறது என்றால் சலவைச் சோடாவோடு சேர்த்துக் காரமாக்கிப் போடுங்கள், அதே வேலையைச் செய்யும். மருத்துவமனையில்கூட இந்த வித்தியாசம் இருக்கிறது. ரத்தக் குழாயில் நாள்கணக்கில் வைக்கும் பிளாஸ்டிக் குழாயில் கிருமிப்படலம் கட்டாமல் இருக்க, கனடாவில் 4 சதவீத டெட்ராசோடியம் ஈடிடிஏ கரைசலை நிரப்பி வைக்கிறார்கள். அந்த இடத்துக்கும் காரமான உப்பைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அது யாரைக் கொல்லும், யாரை விடும் என்பதும் முக்கியம். சூடோமோனாஸ் வகைதான் ஈடிடிஏவுக்கு ரொம்பவும் அடங்கிப்போகிறது. அதன் வெளிச்சவ்வு மெக்னீசியத்தையே அதிகம் நம்பி நிற்கிறது. நமக்கு இது நல்ல செய்தி, ஏனென்றால் பாலைக் குளிர வைக்கும் பல்க் கூலரில் 4 டிகிரியிலும் வளர்ந்து பாலைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இனம்தான். தண்ணீரிலிருந்து வருகிறது, மாட்டின் காம்பில் மாட்டும் ரப்பர் லைனரின் வெடிப்பில் ஒளிந்துகொள்கிறது. அது விடும் நொதிகள் பாலைக் காய்ச்சினாலும் முழுதாக அழிவதில்லை. மடிநோய் தரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வேறு கதை. அதற்கு வெளிச்சவ்வே கிடையாது, ஈடிடிஏ பட்டால் கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதான். அதனால் மடிநோய்க்கு ஈடிடிஏ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். 70 டிகிரி வெந்நீரில் பிஎச் 11-இல் கழுவும்போது சூடும் காரமுமே நிறையக் கிருமியைக் கொன்றுவிடும். கொடுக்கிணைப்பி அங்கே தனியாக நின்று சாதிப்பதில்லை. கிருமி ஒளிந்திருக்கும் வெள்ளைப் படிவத்தைக் கட்டவிடாமல் செய்வதும், சுவரைத் திறந்து மற்றதை உள்ளே விடுவதும்தான் அதன் பங்கு. கண் சொட்டுமருந்துப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பல மருந்துகளில் பென்சல்கோனியம் குளோரைடும் டைசோடியம் எடிடேட்டும் சேர்ந்தே இருக்கும். ஒன்று கொல்வதற்கு, மற்றொன்று கதவு திறப்பதற்கு.

அடுத்தது நம் தண்ணீர். மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வைக்கும் அளவுக்குச் சுண்ணாம்புக்கல் கிடக்கிற நாடு இது. தோட்டத்தில் எங்கே தோண்டினாலும் சுக்கான்கல் வருகிறது. சிறுவாணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த கோயம்புத்தூர்க்காரர்களுக்கு எங்கள் போர் தண்ணீர் வாயிலேயே வைக்க முடியாது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம். எங்கள் போர் அந்த 600-இல்தான் நிற்கிறது.

ஈடிடிஏ ஒரு மூலக்கூறுக்கு ஒரு உலோக அயனி என்றுதான் பிடிக்கும். 600 மில்லிகிராம் கடினத்தன்மையைக் கட்ட ஒரு லிட்டருக்கு சுமார் 2.7 கிராம் டெட்ராசோடியம் ஈடிடிஏ வேண்டும். 40 லிட்டர் கழுவுநீருக்கு 108 கிராம். இது முழுக்கத் தண்ணீருக்கே போய்விடும், ஒரு கிருமியையும் தொட்டிருக்காது. அதற்கு மேல் போடுவதுதான் கிருமிக்கு. பாக்கெட்டில் போட்ட அளவு நல்ல தண்ணீருக்கானது, அதை நம்பி எங்கள் தண்ணீரில் போட்டால் கால்சியத்தைக் கவ்விப் பசியாறிய ஈடிடிஏதான் லைனில் ஓடும். பாலும் அப்படித்தான். ஒரு லிட்டர் பாலில் 1.2 கிராம் அளவு கால்சியம் இருக்கிறது. லைனில் ஒரு லிட்டர் பால் தங்கிவிட்டால் அது மட்டுமே 13 கிராமுக்கு மேல் ஈடிடிஏவை விழுங்கும். ஆகவே கறந்த கையோடு வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் அலசித் தள்ள வேண்டும். எடுத்ததும் கொதிநீர் ஊற்றக் கூடாது, பால் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும்.

மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் கழுவுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டால் பவுடர் செலவு பாதிக்கும் கீழே போகிறது. எங்கள் சாளைக் கூரையிலிருந்து ஒரு குழாய் இறக்கி அப்படித்தான் செய்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பினால் தை வரை வரும். இருபது மாட்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள், உப்புப் போட்டுப் புதுப்பிக்கும் சாஃப்ட்னர் ஒன்று வாங்குவதே மேல். கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கும் எளிய கருவிதான் அது.

இனி சிட்ரிக் ஆசிட். இதற்கும் மூன்று கைகள் உண்டு. பிஎச் 3-க்குச் சற்று மேலே முதல் கை காலியாகிறது, மூன்றாவது கை 6.4 பக்கம்தான் காலியாகிறது. அதாவது நடுநிலைத் தண்ணீரில் சிட்ரேட் என்ற உருவில் இருக்கும்போதுதான் அது கொடுக்கிணைப்பி. அப்போதும் கால்சியத்தைப் பிடிக்கும் பலம் ஈடிடிஏவோடு ஒப்பிட்டால் கோடியில் ஒரு பங்குதான் தேறும். சூடான உப்புத் தண்ணீரில் கால்சியம் சிட்ரேட்டாகப் படிந்து தானே ஒரு வெண்படலம் போட்டுவிடுவதும் உண்டு. பிஎச் 2.5-இல் அது பெயருக்குத்தான் கொடுக்கிணைப்பி, உண்மையில் வேலை பார்ப்பது அமிலம். புளிப்பு கால்சியம் பாஸ்பேட்டைக் கரைக்கிறது. பாலும் உப்பும் சேர்ந்து ஸ்டீல் குழாயில் கட்டும் கல் அதுதான். எந்தக் காரமும் அதை முழுதாக எடுக்காது, அங்கே சிட்ரிக்கோ பாஸ்பாரிக் அமிலமோதான் வேண்டும்.

புளிப்பு கிருமியையும் கொல்லும், ஆனால் வேறு வழியில். மின்சுமை இல்லாத அமில மூலக்கூறு சவ்வுக்குள் நழுவி உள்ளே போய் ஹைட்ரஜன் அயனியை விடும். கிருமி அதை வெளியே தள்ளித் தள்ளியே ஓய்ந்துவிடும். இதில் சிட்ரிக்கைவிட லாக்டிக் அமிலம் கெட்டி. லாக்டிக் அமிலம் கிராம் நெகட்டிவ் கிருமியின் வெளிச்சவ்வைத் தளர்த்தவும் செய்கிறது என்று 2000-இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஈடிடிஏ காரத்தில் திறக்கும் அதே கதவை லாக்டிக் அமிலம் புளிப்பில் திறக்கிறது. வழிதான் வேறு. தயிரைக் கெடாமல் காப்பதும் இந்த அமிலம்தானே.

எங்கள் அம்மிச்சி பித்தளைப் போசிக்குப் புளியும் எண்ணெய்ச் சட்டிக்குச் சாம்பலும் எடுப்பார். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் செம்பின் பச்சைக் களிம்பைக் கரைக்கும், சாம்பலின் காரம் எண்ணெயை எடுக்கும். பால் லைனிலும் இரண்டு அழுக்கு இருக்கிறது. கொழுப்பும் புரதமும் காரத்தில் போகும், கல் புளிப்பில் போகும். அதனால் ஈடிடிஏவா சிட்ரிக்கா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மாட்டேன். இரண்டும் வேண்டும். ஆனால் தனித்தனி நேரத்தில், நடுவே ஒரு அலசு அலசிவிட்டு. ஒரே பக்கெட்டில் போட்டால் ஈடிடிஏவின் கையை அமிலம் கட்டிவிடும், அமிலத்தின் புளிப்பை ஈடிடிஏ உப்பு தின்றுவிடும்.

இதை எழுதும்போது மாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. மாட்டின் மடிக்குள்ளேயே ஒரு கொடுக்கிணைப்பி இருக்கிறது, லாக்டோஃபெரின் என்ற புரதம். அது இரும்பைக் கவ்வும். சீம்பாலில் நிறைய இருக்கும், சாதாரணப் பாலில் குறைவு. இரும்பைப் பிடிக்க அதற்குத் துணையாக பைகார்பனேட் வேண்டும். பாலில் இருக்கும் சிட்ரேட்டோ அதற்குப் போட்டியாக நின்று இரும்பைப் பிடித்துக்கொள்ளும், கிருமிக்கு அந்த இரும்பு எட்டிவிடும். மடிநோய் வந்ததும் என்ன நடக்கிறது பாருங்கள். ரத்தத்திலிருந்து பைகார்பனேட் கசிந்து, 6.6 அளவில் இருந்த பாலின் பிஎச் 7 நோக்கி ஏறுகிறது. சிட்ரேட் குறைகிறது, லாக்டோஃபெரின் பல மடங்கு கூடுகிறது. அதாவது மாடு தன் பாலைக் காரத்தின் பக்கம் நகர்த்தித் தன் கொடுக்கிணைப்பிக்கு வேலை செய்ய இடம் கொடுக்கிறது. கறவை வற்றிய காலத்திலும் மடியில் இதே மாற்றம் நடக்கிறது, அந்த நாட்களில் ஈ.கோலை மடியில் சுலபமாக வளர முடிவதில்லை. மடிநோய் பார்க்கும் நிறக்காகிதத்தில் பால் பட்டதும் மஞ்சள் பச்சையாக மாறுகிறதே, அது இந்த பிஎச் ஏற்றம்தான். முதன்முதலில் இதைப் படித்த அன்று கட்டுத்தரைக்குப் போய் எங்கள் மாடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மற்ற தேர்வுகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் மலிவு, சாயப் பட்டறைக்காரர்களிடமே கிடைக்கும், லேசான காரத்தில் நன்றாகக் கால்சியம் பிடிக்கும். ஆனால் சூடும் புளிப்பும் சேர்ந்தால் அதன் சங்கிலி அறுந்து வெறும் பாஸ்பேட்டாகிவிடும், பிறகு அதுவே கால்சியத்தோடு படியும். வெந்நீரில் கழுவுகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். போர் தண்ணீரில் இரும்பு அதிகமாகி லைனில் செம்பழுப்புக் கறை வந்தால் சோடியம் குளுக்கோனேட் கொஞ்சம் சேர்க்கலாம். கடும் காரத்தில் இரும்பைப் பிடித்து வைக்க ஈடிடிஏவுக்கு வராது, துருவாகப் படியவிட்டுவிடும். குளுக்கோனேட் பிடித்து வைக்கும். சுண்ணாம்பு மண்ணில் ஈடிடிஏ இரும்பு போட்டும் கடலைச்செடி மஞ்சளாகவே நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

எம்ஜிடிஏ, ஜிஎல்டிஏ என்று புதுத் தலைமுறைப் பவுடர்கள் இரண்டு வந்திருக்கின்றன. இவற்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜிஎல்டிஏவை சமையலறையில் பேசப்படும் மோனோசோடியம் குளுட்டமேட்டிலிருந்தே செய்கிறார்கள். இரண்டும் மண்ணிலும் தண்ணீரிலும் எளிதில் சிதையும். புளிப்பிலும் கரைந்தே நிற்கும், மாவாகப் படியாது. எம்ஜிடிஏவின் சோடியம் உப்பின் மூலக்கூறு எடை 271 என்பதால் அதே உப்புத் தண்ணீருக்கு லிட்டருக்கு 1.6 கிராம் போதும். எடைக்கு எடை கணக்குப் பார்த்தால் விலை பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. குறை என்னவென்றால் பிடி தளர்வு. கால்சியத்தைப் பிடிப்பதில் ஈடிடிஏவைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு, மெக்னீசியத்திலும் வெகுவாகக் குறைவுதான். தண்ணீரின் உப்பைக் கட்டுவதற்குத் தாராளமாகப் போதும். கிருமியின் சுவரிலிருந்து மெக்னீசியத்தைப் பறிப்பதில் ஈடிடிஏ அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது. அந்தக் குறையைச் சூட்டையும் காரத்தையும் வைத்து ஈடுகட்டலாம்.

சிதைவதைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று தம்பி கேட்டான். நொய்யல் கரையில் வேலை பார்த்தவளிடம் அதைக் கேட்கக் கூடாது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத் தண்ணீரை நான் பார்த்திருக்கிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னபோது எத்தனை குடும்பம் வேலையில்லாமல் ஊருக்குப் போனது என்பதும் தெரியும். ஈடிடிஏ எளிதில் சிதையாது. மண்ணில் போகும் வழியில் கிடைத்த உலோகத்தைக் கவ்விக்கொண்டு அதையும் நிலத்தடிக்கு இழுத்துப் போகும். பத்து மாட்டுக்காரர் ஒருவர் போடும் நூறு கிராம் பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் அந்தக் கழுவுநீர் தினம் இரண்டு வேளை ஒரே வாய்க்காலில், ஒரே நேப்பியர் புல் பாத்திக்குத்தான் போகிறது. கிணறும் பக்கத்திலேயே இருக்கிறது.

அதனால் என் முடிவு இப்படி. இரண்டு மூன்று மாடு, கையால் கறப்பவர்கள் ஈடிடிஏ வாங்கவே வேண்டாம். சலவைச் சோடா, வெந்நீர், நல்ல பிரஷ், வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தல், வாரம் ஒரு தரம் சிட்ரிக் அலசு. போதும். கேன் அலுமினியம் என்றால் காஸ்டிக் சோடா பக்கமே போகாதீர்கள், அரித்துவிடும். பத்து மாட்டுக்கு மேல், மெஷின், ஸ்டீல் லைன், மழைத்தண்ணீரோ சாஃப்ட்னரோ இருக்கிறது என்றால் எம்ஜிடிஏ கலந்த காரப் பவுடர். எட்டு மாடுதான் என்றாலும் நானும் இதற்குத்தான் மாறியிருக்கிறேன். உப்புத் தண்ணீர்தான் கதி, கூலரில் வைத்த பால் அடிக்கடி கெடுகிறது என்றால் முதல் இரண்டு மாதம் டெட்ராசோடியம் ஈடிடிஏ போட்டு, கிருமியை ஒரு கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு, பிறகு எம்ஜிடிஏவுக்கு மாறுங்கள். எதைப் போட்டாலும் கார அலசு பிஎச் 10-க்குக் கீழே இறங்கக் கூடாது. சிட்ரிக் அலசு எங்கள் தண்ணீருக்கு வாரம் மூன்று தரம், பிஎச் 3-க்குக் கீழே. நம் போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், முதலில் போடும் அமிலம் அதற்கே போய்விடும். ஸ்பூன் கணக்கை நம்பாமல் பிஎச் காகிதத்தை நனைத்துப் பாருங்கள். காகிதப் புத்தகம் ஒன்று வாங்கினால் பல மாதம் வரும், இந்த மொத்தச் செலவிலேயே மலிவானதும் அதிகம் பயன்படுவதும் அதுதான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. குளோரின் போடுகிறவர்கள் அதை அமிலத்தோடு ஒரு நாளும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய பால் அறையில் உயிருக்கே ஆபத்து. குளோரினை ஈடிடிஏவோடும் சேர்க்க வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று தின்று வீணாகும்.

அந்தப் பக்கெட்டை என்ன செய்வது என்று தம்பி கடைசியில் கேட்டான். கொட்ட வேண்டாம் என்றேன். சலவைச் சோடாவை ஒவ்வொரு கைப்பிடியாகப் போட்டுக் கலக்கச் சொன்னேன். நுரைத்துப் பொங்கும், மெதுவாகப் போடு, பெரிய பாத்திரமாக எடுத்துக்கொள் என்றும் சொன்னேன். நாலாவது கைப்பிடியில் அடியில் கிடந்த மாவு கரைய ஆரம்பித்ததாம். காகிதம் 10 காட்டும்வரை போட்டுவிட்டு, அன்று சாயந்திரமே வெந்நீரில் ஊற்றி லைனைக் கழுவியிருக்கிறான். லைனரின் உட்பக்கத்திலிருந்து சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று படலம் கழன்று வந்ததைப் படம் எடுத்து அனுப்பினான்.